பாப்பாவின் காது

பிப்ரவரி 12, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு முருங்கை தெரியவில்லை. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மாசி நாளைதான் பிறக்கிறது. எங்களுக்கு மச்சும் கிடையாது, ஓடு. அதனால் நேராக உள்ளே இறங்கிவிட்டது. பாப்பாவுக்கு இரண்டு சட்டை மாட்டினேன்.

ஞாயிறு என்றால் அவளை அப்பாவிடம் கூட்டிப்போக வேண்டும். பரவையில் ஏறி பெரியார் பஸ் ஸ்டாண்டு, அங்கே மாறி கே.கே. நகர். ஐப்பசியில் கோர்ட்டில் அம்மாவையும் அப்பாவையும் பிரித்துவிட்டதிலிருந்து இதுதான் ஏற்பாடு. வாரம் முழுக்க அம்மாவிடம், ஞாயிறு அப்பாவிடம். அம்மா அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டாள். அப்பா பரவைக்கு வர மாட்டார். கூட்டிப்போய்க் கூட்டிவர நான்.

பெரியார் ஸ்டாண்டுக் குழாயில் பாப்பாவின் சாந்துப் பொட்டை அழித்தேன். முந்தானையை நனைத்துத் துடைத்தால் போய்விடும், நடுவில் கொஞ்சம் கறுப்பு நிற்கும். அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. முதல் ஞாயிறு அப்பா போகிற ஜெப சபையில் எல்லோரும் அவள் நெற்றியையே பார்த்தார்கள். அதிலிருந்து அழிக்கிறேன். திரும்பும்போது அதே குழாயடியில் வைத்துவிடுவேன். சாந்துக் குப்பி என் பையில்தான்.

அம்மாவுக்கு அவள் மீனா. அப்பாவுக்கு எஸ்தர். நான் பாப்பா என்றே கூப்பிடுகிறேன்.

பஸ்ஸில் ஒரு கிழவி பாப்பாவின் காதைப் பிடித்துப் பார்த்தாள். "ஏத்தா, இம்புட்டுப் பெரிய புள்ளைக்கு இன்னுமா காது குத்தல? வேதக்காரப் புள்ளையா?" பாப்பா சொன்னாள்: "ஞாயித்துக்கெழம மட்டும்." பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

சபையில் அப்பா முன் வரிசை. கண்ணை மூடிக்கொண்டு அழுகிறார். வீட்டில் இருந்தபோது அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து தட்டில் சோறு வைத்ததும் பாப்பா கையைக் கூப்பி "ஸ்தோத்திரம்" என்றாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 14, செவ்வாய்

அம்மாவுக்கு மில்லில் காலை ஷிப்டு. தண்ணீர் நான்கு குடம். அரிசி களைந்தது. மண்ணெண்ணெய் இல்லை, விறகு. பாப்பாவின் கவுனில் கிழிசல் தைத்தது. மத்தியானம் பாப்பா தூங்கியதும் என்ன செய்வது என்று தெரியவில்லை. பழைய எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் நதிகள் பாடத்தைப் படித்தேன். அந்தப் பாடம் நடத்தியபோதுதான் நின்றேன். அப்பா வீட்டைவிட்டுப் போனதும் அம்மா மில்லுக்குப் போக ஆரம்பித்தாள், பாப்பாவைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. பாடத்தில் வைகை பாதியில் நின்றிருந்தது. இன்று முடித்தேன்.

பிப்ரவரி 15, புதன்

சாயங்காலம் வாடிப்பட்டி மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கை எப்போதும் கிரீஸ் மணக்கும். வாசலிலேயே, "மருமகளே, மாமனுக்கு ஒரு காப்பி. சீனி கம்மியாப் போட்டா உன்னை எவனும் கட்ட மாட்டான்" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

விஷயம் இதுதான். சிவராத்திரி வருகிறது. ஊர் ஊராக எல்லோரும் குலசாமி கோவிலுக்குப் போவார்கள். மறுநாள் காலையில் பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்திவிட வேண்டும் என்கிறாள் அம்மா. ஜூனில் ஒண்ணாப்பு சேர்க்க வேண்டும். அதற்கு முன் அவள் என்ன சாமி கும்பிடுகிற பிள்ளை என்று முடிவாகிவிட வேண்டும்.

"குத்திருவோம். மாமன் மடி இருக்குல்ல" என்றார் மாமா. "வக்கீல் என்ன சொன்னாரு?"

"சாமி விசயத்துல கோர்ட்டு தலையிடாது, ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கங்கன்னாரு. பேசறதா இருந்தா நாங்க ஏன்ணே கோர்ட்டுக்குப் போறோம்?"

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப நம்ம கோயில்ல வச்சுச் செஞ்சிருவோம் தாயி. வாடிப்பட்டிதான. யாரக் கேக்கணும்?"

"அது நான் பொறந்த வீட்டுச் சாமிண்ணே. இவளுக்கு அது மாமன் வீடு. விருந்துக்குப் போகலாம், உரிமையா ஒக்கார முடியாது. குலசாமி அப்பன் வழியிலதான வரும்?"

பால் பொங்கிவிட்டது.

எனக்கு இது இன்றைக்குத்தான் உறைத்தது. அம்மாவுக்குப் பாப்பா அந்தச் சாமியிடம் போக வேண்டும். ஆனால் அந்தச் சாமி அப்பாவினுடையது. அவரோ வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர். அம்மாவை அந்த வீட்டு மருமகள் இல்லை என்று கோர்ட்டே எழுதிக் கொடுத்துவிட்டது.

"பெரியவளுக்கு?" என்று மாமா கேட்டார்.

"அவளுக்கென்ன. சின்னதுலயே எல்லாம் செஞ்சாச்சு. நாளைக்கு ஒருத்தன் கையில குடுத்தா, அவன் சாமி அவ சாமி."

காப்பியில் சீனி சரியாகத்தான் போட்டேன்.

பிப்ரவரி 17, வெள்ளி

காய்கறிச் சந்தை. பெரியப்பா கத்தரிக்காய் மூட்டையோடு வந்திருக்கிறார் என்று மாமா சொல்லியனுப்ப, அம்மா ஷிப்டு முடிந்ததும் நேரே போனோம். அப்பாவுக்குப் பெரியப்பா மகன். எங்களுக்குப் பெரியப்பா. கோவில் பொறுப்பு இப்போது அவரிடம்தான். பங்காளிகள் அவர் பேச்சைக் கேட்பார்கள்.

அம்மா முன்பெல்லாம் அவரை மச்சான் என்பாள். இன்று எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பக்கத்தில் போய் நின்று இருமினாள். அவர் திரும்பிப் பார்த்து, "வாம்மா. புள்ளைக சொகமா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சூத்தை இல்லாத காய்.

அம்மா விசயத்தைச் சொன்னாள். பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்களுக்கு ஒண்ணும் ஆச்சேபம் இல்லம்மா. நம்ம ரத்தம். நீயும் வந்து அடுப்புக் கூட்டிப் பொங்க வையி, யாரும் கேக்க மாட்டாக. ஆனா அப்பன் உசுரோட இருக்கையில அவன் ஒரு வார்த்தை சொல்லாம புள்ளைய எப்படிச் சேக்குறது? அவன் வரவே வேணாம். செய்யுங்கன்னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான்."

"நான் அந்த ஆளுகிட்டப் பேச மாட்டேன்."

"உன்னை யாரு பேசச் சொன்னா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள்.

பையில் இரண்டு கை கத்தரிக்காய் அள்ளிப் போட்டு அனுப்பினார்.

பிப்ரவரி 19, ஞாயிறு

கேட்கவில்லை.

காலையில் பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "அப்பா, பெரியப்பா கேக்கச் சொன்னாக." இப்படி ஆரம்பிக்கலாம். அல்லது, "அப்பா, சிவராத்திரி வருதுல்ல." இது வேண்டாம்.

சபை முடிந்து ஒரு அக்கா, டீச்சர் வேலை பார்க்கிறவர், என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்லவர்தான். "காதுல என்னம்மா அது, குச்சியா?"

வேப்பங்குச்சி. இதை எழுதி வைக்கிறேன். முதலில் ஞாயிறுகளில் தோட்டைக் கழற்றித் தாவணியில் முடிந்துகொள்வேன். சபையில் பெண்கள் எல்லோருக்கும் வெறும் காது, என்னுடையது மட்டும் மினுங்குவது கூச்சமாக இருந்தது. பிறகு கழற்றுவதும் மாட்டுவதும் சலித்துவிட்டது. தோட்டை மஞ்சள் டப்பாவில் போட்டுவிட்டேன். "மூளிக்காதா நிக்காதடி" என்று அம்மா ஒரு நாள் திட்டினாள். அதற்காக வேப்பங்குச்சியைச் சீவிச் செருகிக்கொண்டேன். அம்மா கண்ணுக்கு மூளியில்லை, சபைக்கு நகையில்லை. அதற்கப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாதம் ஒரு முறை புதுக்குச்சி போடுவேன். காய்ந்தால் சிறுத்து விழுந்துவிடும்.

அக்காவிடம் "ஆமாக்கா" என்று மட்டும் சொன்னேன்.

கிளம்பும்போது அப்பா வாசல்வரை வந்தார். இப்போதாவது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "ஈஸ்டருக்கு எஸ்தரைப் பிரதிஷ்டை பண்ணலாம்னு பாஸ்டர் சொல்றாரு. சபை நடுவுல நிறுத்தி, தலைல கை வச்சு ஜெபம் பண்ணி ஆண்டவருக்குக் குடுக்குறது. ஒங்கம்மாட்டச் சொல்லிரு" என்றார்.

போகும்போது ஒன்று. வரும்போது இரண்டு. இரண்டையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 20, திங்கள்

"கேட்டியா?"

"ம்."

"என்ன சொன்னாரு?"

"அடுத்த வாரம் சொல்றாகளாம்."

பொய். ஈஸ்டர் விஷயத்தையும் சொல்லவில்லை. ராத்திரி பாதிச் சோற்றைப் பாப்பா தட்டில் தள்ளிவிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 22, புதன்

தண்ணீர்க் குழாயில் சாந்தி. என்னோடு எட்டாவது வரை படித்தவள், பக்கத்துப் பெஞ்சு. பத்தாவது பரீட்சை வருகிறதாம். "கணக்குதான்டி பயமா இருக்கு" என்றாள். எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்ல வேண்டுமே. "நல்லா எழுது" என்றேன். அவள் போனபின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 24, வெள்ளி

பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். முடி நன்றாக வளர்ந்திருக்கிறது, தோளுக்குக் கீழே. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து சிக்கு எடுத்தாள். இதெல்லாம் போகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, ரொம்ப நேரம் எடுத்தாள்.

தானாகவே பேசினாள். "உனக்குக் காது குத்தினப்போ நீ அழவே இல்ல. வாயில வெல்லக்கட்டிய அதக்கிக்கிட்டுப் பேசாம இருந்த. உங்கப்பாதான் அழுதாரு. பங்காளிகல்லாம் ஒரே சிரிப்பு. அப்ப அந்தச் சாமிமேல அம்புட்டுப் பக்தி அவருக்கு. உன்னைத் தோள்ல வச்சுக்கிட்டுக் கண்மாய்க் கரை முழுக்க நடந்தாரு."

பிறகு நிறுத்திவிட்டாள். அப்பாவுக்கு மஞ்சள்காமாலை வந்தது அந்தக் கதைக்கு ரொம்பப் பிந்தி. டாக்டர் கைவிரித்தபோது சபைக்காரர்கள் வந்து கட்டிலைச் சுற்றி முழங்கால் போட்டு ஜெபித்தார்கள். அம்மா குலசாமி கருப்புக்கு நேர்ந்துகொண்டாள். அப்பா பிழைத்துக்கொண்டார். யார் பிழைக்க வைத்தது என்பதில்தான் ஆரம்பித்தது. அவர் பிழைக்காமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள் என்று ஒரு நாள் நினைத்தேன். நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

இன்று சபை முடிந்து, அப்பா கம்பவுண்டராக வேலை பார்த்து அங்கேயே குடியிருக்கிற கிளினிக்கில் அவசரமாக ஒரு ஆளுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. அப்பா அடுப்பில் டப்பா வைத்து ஊசிகளைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தார். பாப்பா வெளியே வேப்ப மரத்தடியில். அப்பாவின் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அதனால் முடிந்தது.

"ப்பா. சிவராத்திரிக்குப் பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தணும்னு அம்மா சொல்லுது. நம்ம கோயில்ல. நீங்க செய்யுங்கன்னு சொன்னாத்தான் செய்வாகளாம். பெரியப்பா கேக்கச் சொன்னாக."

ஒரே மூச்சு. நம்ம கோயில் என்று வாயில் வந்துவிட்டது.

தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. திரும்பாமலே சொன்னார்:

"செய்யுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தை எம் வாயில வராது."

"சரிப்பா."

"வேணாம்னும் சொல்ல மாட்டேன்."

"பெரியப்பாகிட்ட எதச் சொல்றது?"

"சொன்னதச் சொல்லு."

கிடுக்கியால் ஊசியை எடுத்துத் தட்டில் வைத்தார். "ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கெழம இந்த வீட்டுக்குள்ள வர்றப்போ அவ காதுல தங்கம் இருக்கக் கூடாது."

"கழத்தினா ஓட்ட தூந்துரும்பா. பச்சைப் புண்ணு."

"தூந்தா தூரட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ..." என்றார். நான் காத்திருந்தேன். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று அவசரமாக யோசித்தேன்.

"நீ டீ குடிச்சியா?" என்றார்.

குடித்தேன் என்றேன்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செய்யச் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன், ஞாயிறு தங்கம் கூடாது, ஈஸ்டருக்குப் பிரதிஷ்டை. அம்மா ஈஸ்டரைக் காதில் வாங்காததுபோல் இருந்தாள். "வேணாம்னு சொல்லலைல்ல?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பிப்ரவரி 28, செவ்வாய்

பச்சரிசி. வெல்லம். தேங்காய். சின்ன வெண்கலப் பானை பக்கத்து வீட்டில் இரவல். பாப்பாவுக்குப் புதுப் பாவாடை மாமா கொண்டுவருகிறார், தோடும் அவர்தான். எனக்குப் பழைய ஊதாத் தாவணியே போதும்.

அம்மா மில்லில் லீவு சொல்லிவிட்டாள். பெரியப்பா என்ன சொல்வாரோ தெரியாது. "போய் நிப்போம். வேணாம்னா திரும்பி வருவோம்" என்கிறாள். தூங்கும்போதும் பாப்பாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டே படுத்திருக்கிறாள்.

மார்ச் 1, வியாழன்

வெயில். உடம்பெல்லாம் புழுதி. கை வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் முதல் பஸ்ஸில் வாடிப்பட்டி போய், அங்கிருந்து மாமா பிடித்த மாட்டுவண்டி. கோவில் கண்மாய்க் கரையில். சுவர் இல்லை, கூரை இல்லை. கருப்பு, அங்காளம்மன், இரண்டு பக்கமும் அரிவாள். நேற்றுச் சிவராத்திரிக்கே வந்து தங்கிய கூட்டம் அடுப்பும் புகையுமாக இருந்தது. எல்லோரும் அப்பாவின் ஜாடை. யாரைப் பார்த்தாலும் மூக்கு அவர் மூக்கு. அவர் மட்டும் இல்லை.

அம்மா அடுப்புக் கூட்டாமல் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். பெரியப்பா பங்காளிகளைக் கூப்பிட்டார். பாயில் உட்கார்ந்தார்கள். மாமா பேச ஆரம்பித்தார். பெரியப்பா கையமர்த்தினார்.

"மாப்ள, நீ இரு. கேட்டது யாரு?"

"பெரியவதான்."

"அப்ப அவ சொல்லட்டும். வா தாயி. உங்கப்பன் என்ன சொன்னான்?"

இத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் நின்றதே இல்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை புரிந்தது. செய்யச் சொன்னாரு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் என்ன, வந்து விசாரிக்கப்போகிறாரா.

"செய்யுங்கன்னு சொல்ல மாட்டேன்னாக" என்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "வேணாம்னும் சொல்ல மாட்டேன்னாக."

ஒருவர், "இது என்னப்பா பேச்சு, மழையுமில்லாம வெயிலுமில்லாம" என்றார். இன்னொருவர், "அப்பன் சம்மதம் இல்லைன்னுதான அர்த்தம்?" என்றார். சத்தம் கூடிவிட்டது. பெரியப்பா தலையைச் சொறிந்துகொண்டே இருந்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு வயசாளி:

"டேய், அவன் என்னைக்குடா நேராப் பதில் சொல்லியிருக்கான்? பொண்ணு பாக்கப் போயிட்டு வந்து, என்னடா புடிச்சிருக்கான்னு கேட்டேன். புடிச்சிருக்குன்னும் சொல்லல, புடிக்கலைன்னும் சொல்லல. வேணாம்னு சொல்லாததுனாலதான இந்தப் புள்ளையவே கட்டி வச்சோம்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பா எழுந்து துண்டை உதறினார். "வேணாம்னு சொல்லாத வரைக்கும் அவன் பங்காளிதான். அடுப்பக் கூட்டும்மா."

பொங்கல் கிழக்கே பொங்கியது. நல்லதாம்.

மொட்டை போடும்போது பாப்பா பேசாமல் இருந்தாள். மாமா மடியில் வைத்துச் சந்தனம் தடவியது அவளுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வாயில் வெல்லம். ஆசாரி வலது காதைப் பிடித்தார். குத்தினதும் "யப்பா!" என்று கத்தினாள். இடது காதுக்கும் "யப்பா, யப்பா!" கண்மாய்த் தண்ணீர்வரை கேட்டிருக்கும். மாமா மடியில் உட்கார்ந்துகொண்டு, இந்தச் சாமி முன்னால், அத்தனை பங்காளிகளும் பார்த்திருக்க, அப்பாவைத்தான் கூப்பிட்டாள். பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பி யாரையோ சும்மா அதட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் பாப்பா என் மடியில் தூங்கிவிட்டாள். சமயநல்லூர் தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"ஈஸ்டருக்கு என்ன செய்வாகளாம்?"

"தலைல கை வச்சு ஜெபம் பண்ணுவாகளாம். தண்ணில முக்குறதெல்லாம் இல்ல."

பாப்பாவின் மொட்டையைத் தடவிப் பார்த்தாள்: "அதுக்குள்ள முடி கொஞ்சம் வளந்துரும்."

அவ்வளவுதான் சொன்னாள்.

மார்ச் 2, வெள்ளி

பாப்பாவுக்கு லேசாகச் சூடு. காதில் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும். தொட்டால் கத்துகிறாள்.

நேற்று அத்தனை பேர் எனக்கு விபூதி பூசினார்கள். ஒருவர், "இவ யாரு, மூத்தவளா? அடையாளமே தெரியல" என்றார். அதற்கு இன்னொருவர், "வேற வீட்டுக்குப் போற புள்ள" என்றார். எந்த வீடு என்று எனக்கே இன்னும் தெரியாது.

மார்ச் 3, சனி

அம்மா சொன்னாள்: "நாளைக்குத் தோட்டக் கழத்தினா ஓட்டை மூடிக்கும். கழத்தாம கூட்டிட்டுப் போ. என்ன செய்றாருன்னு பாப்போம்." நான் தலையாட்டினேன். என்ன செய்கிறார் என்று பார்க்கப்போவது நான்தானே.

மார்ச் 4, ஞாயிறு

பனி போய்விட்டது. காலையிலேயே புழுக்கம்.

பெரியார் ஸ்டாண்டுக் குழாயடியில் நின்றேன். பொட்டை அழிக்கலாம். மொட்டைத் தலையை என்ன செய்வது, காதை என்ன செய்வது. ஒன்றையும் அழிக்காமல் பஸ் ஏறினேன். முதல் தடவை.

அப்பா வாசலில் நின்றிருந்தார். பாப்பா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். "ப்பா, ரெண்டு காதுலயும் குத்திட்டாக. நான் உன்னையக் கூப்பிட்டேன், நீ வரல."

அப்பா அவளைத் தூக்கினார். மொட்டைத் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சபைக்கு நேரமாகிவிட்டது. பெண்பிள்ளைகள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். அப்பா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்டு, அவள் தலையில் கவிழ்த்தார். குல்லாய் மாதிரி இருந்தது. பாப்பாவுக்குச் சந்தோஷம்.

பிறகு காதைப் பார்த்தார். வலது பக்கம் வீங்கிச் சீழ் கோத்திருந்தது. உள்ளே கூட்டிப்போய்ப் பஞ்சில் மருந்து தொட்டுத் துடைத்தார். ஊதி ஊதித் துடைத்தார். தோட்டின் திருகில் கையை வைத்தார். கழற்றப்போகிறார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ப்பா."

"என்ன?"

"கழத்துங்க. ஆனா குச்சி போட்டு விடுங்க. வேப்பங்குச்சி. அது நகை இல்லைல்ல. தூராமயும் இருக்கும். புண்ணுக்கும் நல்லது." என் காதைக் காட்டினேன். "இந்த மாதிரி."

பக்கத்தில் வந்து என் காதைக் குனிந்து பார்த்தார். எவ்வளவு தடிமன், எப்படிச் சீவியிருக்கிறது என்று பார்த்தார். குச்சியைத்தான் பார்த்தார்.

வெளியே போனார். மரத்தில் இளங்கொழுந்து தவிர்த்து, ஈர்க்கு மாதிரி மெல்லிசான குச்சிகளைத் தேடி ஒடித்தார். பிளேடால் தோல் சீவினார். ஊசி கொதிக்க வைக்கிற டப்பாவில் தண்ணீர் ஊற்றி, குச்சிகளைப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்தார். சபையில் பாட்டுத் தொடங்கிவிட்டது, இங்கே கேட்டது. அவர் போகவில்லை. கொதிக்கட்டும் என்று நின்றார். கிடுக்கியால் எடுத்து ஆறவைத்து, தோட்டைத் திருகி எடுத்து, ஒவ்வொரு காதாகக் குச்சியைச் செருகினார். பாப்பா இந்த முறை கத்தவில்லை. தோடு இரண்டையும் பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"அம்மாட்டக் குடு. வீட்டுக்குப் போனதும் போட்டுக்கட்டும்."

"சரிப்பா. அம்மா ஈஸ்டருக்குச் சரின்னு..." அப்படிச் சொல்லவில்லையே என்று நிறுத்தினேன். "முடி அதுக்குள்ள வளந்துரும்னுச்சு."

அப்பா தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவர் பேச்சு ஒருவருக்கு எப்போதும் புரியும்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சபைக்கு நடந்தார். "கதவச் சாத்திட்டு வா" என்றார்.

என்னுடையது போன மாதத்துக் குச்சி. சிறுத்துவிட்டது, வலது பக்கம் ஆடுகிறது. அவர் அதை அவ்வளவு பக்கத்தில் பார்த்தார். டப்பாவைத் திறந்து பார்த்தேன். அவர் போட்டது இரண்டு குச்சிதான். இரண்டும் பாப்பா காதில்.

தண்ணீர் இன்னும் சூடாக இருந்தது. மரத்தில் கைக்கு எட்டுகிற கிளைதான். நானே இரண்டு ஒடித்துக்கொண்டேன்.